விடுதலையா, கைவிடுதலா?

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இளைஞர்க்குப் பயன்படும் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தபோது, நான் ஒரு புராணத்தையோ பெரியார் ஒருவரின் சரித்திரத்தையோ எடுத்துக்கொள்வேன் என்றே எண்ணியிருப்பார். நானோ முயலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பின்வரிசையிலே சிலர் நகைக்கிறீர்கள். நகையுங்கள், தவறில்லை. ஆயினும் இப்பேச்சு முடியுமுன், இது முயலைப் பற்றியது மட்டுமன்று, தருமத்தைப் பற்றியதுமாகும் என்பதை ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

பிறர்க்கு உபதேசம் செய்யுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மகனுடைய நச்சரிப்புப் பொறுக்கமாட்டாமல் ஒரு சோடி வெள்ளை முயல் வாங்கிக் கொடுத்தேன். ஆண்டு திரும்புமுன் அந்த 2 முயல்கள் 11 ஆயின. அயலவர்க்குக் கொடுத்தோம், உறவினர்க்குக் கொடுத்தோம், பின்னர் வாங்குவாரில்லை. கூடு போதவில்லை, புல்லுப் பிடுங்கவும் ஆளில்லை. எங்களுடையது சைவ வீடு. கொல்ல மனமில்லை, இறைச்சிக்கு விற்கவும் மனமில்லை. ஆகவே ஒரு மாலையில் 4 முயல்களைப் பெட்டியில் இட்டுச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு போய், ஊருக்கு வெளியேயுள்ள பனங்கூடலில் திறந்துவிட்டேன். ‘போய்ப் பிழையுங்கள்’ என்று வாயாலும் சொன்னேன். திரும்பி வரும்போது ஏதோ புண்ணியம் செய்தவன் போல மனம் இலேசாயிருந்தது.

மறுநாட் காலை மகன் அழுதபடியால் அவனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பெட்டியைத் திறந்த இடத்திலிருந்து இருபதடி தூரங்கூட அவை போகவில்லை. 2 முயல்களை நாய்கள் கடித்துக் குதறியிருந்தன. ஒன்றைக் காணவில்லை. மற்றொன்று காவோலைக் குவியலின் கீழே ஒடுங்கிக் கிடந்தது. மகன் கூப்பிட்டதும் அது மெல்ல வந்து அவன் காலடியில் நின்றது. ‘அப்பா, இது எங்களைப் பாத்துக்கொண்டு இருந்ததோ?’ என்று அவன் கேட்டான். அக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. இன்று நான் பேசுவது அதற்கான விடையே.

அன்று நான் செய்த பிழைக்கு ஒரு காரணம் நம் மொழி வழக்கிலே இருக்கிறது. ‘முயல் காட்டிலே வாழும் பிராணிதானே, காட்டிலே விட்டால் என்ன?’ என்று எண்ணினேன். நாம் முயல் என்னும் ஒரே சொல்லால் 2 வெவ்வேறு பிராணிகளைக் குறிக்கிறோம். நம் பற்றைகளிலும் தரவைகளிலும் வாழும் காட்டு முயல் ஒன்று. கூட்டிலே வளர்க்கும் வெள்ளை முயல் வேறொன்று. அதனைக் குழிமுயல் என்று பிரித்துச் சொல்வாரும் உளர். காட்டு முயல் குழி தோண்டாது. புல்லிடையே பதுங்கி வாழும். அதன் குட்டி பிறக்கும்போதே உடலில் மயிரும் திறந்த கண்ணும் உடையது. குழிமுயலின் குட்டியோ வெற்றுடம்போடும் மூடிய கண்ணோடும் பிறக்கும். கண் திறக்கப் பத்து நாள்வரை செல்லும். இவ்விரண்டும் கூடி இனம் பெருகுவதுமில்லை. வீட்டு முயல்களின் ஆதி நாடு ஸ்பெயின், போர்த்துக்கல் முதலிய தேசங்கள். நம் காடு அதற்குத் தாய்வீடு அன்று, அந்நிய தேசம்.

அந்த அந்நிய தேசத்தில் அதன் கதி யாது? தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலே வாழ்ந்த பிராணிக்குப் பகை இன்னதென்று தெரியாது. பச்சைப் பற்றையிடையே அதன் வெண்ணிறம் தொலைவிலிருந்தே தெரியும். முயலுக்கு நம்மைப் போல வியர்வை இல்லை. தன் உடற்சூட்டைப் பெரும்பாலும் காதுகளின் வழியாகவே ஆற்றும். நம் சித்திரை வெயிலிலே, நிழலும் நீரும் இன்றி அது எத்தனை நாள் நிற்கும்? பகலிலே பருந்தும் கீரியும், இரவிலே மரநாயும், எந்நேரமும் கட்டாக்காலி நாய்களும் அதற்காகக் காத்திருக்கின்றன. நாம் கொடுத்ததாக நினைக்கும் சுதந்திரம் பெரும்பாலும் ஓர் இரவுக்கு மேல் நீடிப்பதில்லை.

‘அப்படியானால், தப்பிப் பிழைக்கும் முயலாவது நன்றாக வாழட்டுமே’ என்று கேட்கலாம். பிழைத்துப் பெருகினால் வரும் கேடு வேறு. இதற்கு உலக சரித்திரமே சாட்சி. யாழ்ப்பாணத்தைப் பின்னாளில் ஆண்ட அதே போர்த்துக்கேயர், 15ஆம் நூற்றாண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள போர்ட்டோ சாண்டோ என்னும் தீவிலே குடியேறியபோது, முயல்களை அங்கே விட்டனர். அவை பெருகிப் பயிரையெல்லாம் தின்றமையால் குடியேறியவர்களே இடம்பெயர நேர்ந்தது.

1859ஆம் ஆண்டில் தோமஸ் ஒஸ்ரின் என்னும் செல்வர், வேட்டையாடி மகிழ்வதற்காக, இங்கிலாந்திலிருந்து ஏறக்குறைய 24 முயல்களை வருவித்து அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாகாணத்திலுள்ள தம் காணியிலே விட்டார். உங்களிற் பலருடைய உறவினர் இன்று வாழும் மெல்பேண் நகரம் அவ்விடத்துக்கு வெகுதூரமன்று. அவற்றின் வழித்தோன்றல்கள் அக் கண்டத்தின் பெரும்பகுதியிற் பரவிப் புல்லையும் பயிரையும் அழித்தன. அவற்றைத் தடுக்க மேற்கு அவுஸ்திரேலியாவிலே 1901 முதல் 1907 வரை வேலிகள் அடைத்தனர். முதல் வேலி மட்டும் 1,800 கிலோமீற்றருக்கு மேல். நம் இலங்கையின் நீளத்தைப் போல 4 மடங்கு! வேலி முடியுமுன்னரே முயல்கள் அப்பாற் சென்றுவிட்டன. 1950இல் நோய்க்கிருமியைப் பரப்பினர். கோடிக்கணக்கில் மடிந்தும் அவ்வினம் ஒழியவில்லை. இன்றும் குயீன்ஸ்லாந்து மாகாணத்திலே சாதாரண மக்கள் வீட்டில் முயல் வளர்ப்பது சட்டவிரோதம்.

கண்டம் பெரிது, தப்பிப் பிழைத்தது. சிறு தீவின் கதியைக் கேளுங்கள். ஹவாய்த் தீவுகளோடு சேர்ந்த லேசான் என்னும் தீவு 4 சதுர கிலோமீற்றர் அளவினது. 1903இல் இறைச்சி வியாபாரத்துக்காக அங்கே முயல்களை விட்டனர். 20 ஆண்டுகளில் பச்சை என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் எஞ்சவில்லை. மண் காற்றிலே பறந்தது. 1923இல் கடைசி முயலைச் சுட்டு ஒழித்தபோது, அத் தீவுக்கே உரிய 3 வகைச் சிறு பறவைகள் அங்கிருந்து மறைந்துவிட்டன. நம் நாட்டிலும் இவ்வாறே நிகழும் என்று நான் சோதிடம் கூறவில்லை. ஆனால் பல தீவுகளாலும் மெல்லிய மண்படையாலும் ஆன நிலத்திலே வாழும் நாம், இத்தகைய பரீட்சையைச் செய்து பார்க்கவேண்டியதில்லை.

நமக்கும் இவ்வனுபவம் புதிதன்று. பார்த்தீனியச் செடியை அறியாத கமக்காரர் நம்மிடையே உளரோ? 1987இல் இந்திய அமைதிப்படை வந்த காலத்தோடு அது இங்கே வந்தது என்பது பொதுவான அபிப்பிராயம். எவரும் வேண்டுமென்று விதைக்கவில்லை. ஆயினும் தோட்டங்களிலும் தெருவோரங்களிலும் இன்றளவும் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். வந்தது எளிது, போக்குவது அரிது.

நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்குள்ள மட்டக் குதிரைகளைக் கண்டிருப்பீர்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கிய குதிரைகளின் வழிவந்தவை என்பர். வளர்த்தவர்கள் கப்பலேறிப் போனார்கள், குதிரைகள் நின்றுவிட்டன. இன்று அவற்றைப் படம் பிடிக்கப் பலர் வருகின்றனர். கடும் வரட்சியிலே, குடிக்க நீரின்றி அவை விழுந்து இறந்த செய்திகளும் பத்திரிகைகளில் வந்துள்ளன. கட்டாக்காலி என்று நாம் சொல்லுகிறோமே, அச் சொல்லிலே எவ்வளவு துயரம் இருக்கிறதென்று சிந்தியுங்கள். கட்டுவாரற்ற உயிர், கேட்பாரற்ற உயிர் என்பதே அதன் கருத்து.

இவ்விடத்தில் பெரியோர் சிலருடைய மனத்திலே ஒரு நினைவு எழலாம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்தை விட்டு இரவோடிரவாகப் புறப்பட்டோமே, அன்று பசுவின் கயிற்றையும் ஆட்டின் கயிற்றையும் அவிழ்த்துவிட்டு வந்தவர்கள் நம்மிற் பலர். அதுவும் குற்றமா? இல்லை, ஐயா. கட்டியபடி விட்டிருந்தால் அவை பட்டினியால் மடிந்திருக்கும். அன்று நமக்கே புகலிடம் இல்லை. நம்மால் இயன்ற கடைசிக் கருணை அது. திரும்பி வந்தபின் வெறும் தொழுவத்தைப் பார்த்து அழுதவர்களையும் நான் அறிவேன். ஆனால் வீடும் வளவும் இருக்க, கூடு துப்புரவாக்கச் சோம்பற்பட்டுப் பெட்டியைத் திறந்துவிடுவதை அதனோடு ஒப்பிடலாமா? முன்னது வேறு வழியின்மை. பின்னது நம் வசதி.

இப்போது சைவ வீடுகளுக்கு உரிய வினாவுக்கு வருகிறேன். ‘நான் கொல்லவில்லையே, விட்டேன் அல்லவா?’ என்று என் மனம் அன்று எனக்கு நியாயம் சொல்லிற்று. கொல்லாமை என்பது நம் கையிலே இரத்தம் படாமற் பார்த்துக்கொள்வது மட்டுமா? கொல்லும் வேலையை நாயிடம் ஒப்படைத்துவிட்டு நாம் கை கழுவினால் அவ்வுயிருக்கு என்ன பேதம்? நம் வீட்டிலே பிறந்து, நம் கையிலே உண்டு, நம் குரலை அறிந்த பிராணிக்கு நாம் அடைக்கலம் கொடுத்தவராகிறோம். அடைக்கலம் கொடுத்தவன் அதைத் தன் விருப்பப்படி மீட்டுக்கொள்ளல் ஆகாது. வலையில் அகப்பட்ட காட்டுப் பறவையை விடுவது விடுதலை. வீட்டு முயலைப் பனங்கூடலில் விடுவது கைவிடுதல்.

அப்படியானால் செய்யவேண்டியது யாது? இளைஞர்களே, வாங்குமுன் யோசியுங்கள். நன்றாகப் பேணினால் ஒரு முயல் 8 முதல் 10 ஆண்டுகள்வரை வாழும். நீங்கள் ஐந்தாம் வகுப்பிலே வாங்கியது, உயர்தரப் பரீட்சை எழுதும்போதும் புல்லுக் கேட்கும். முயலின் கர்ப்பகாலம் ஒரு மாதமே. ஈன்றவுடனேயே மீண்டும் சினைப்படவும் கூடும். ஆதலால் ஆணையும் பெண்ணையும் 3 மாத வயதுக்குள்ளே பிரித்து வேறுவேறு கூட்டில் வையுங்கள். ஐயமிருந்தால் மிருக வைத்தியரைக் கேளுங்கள். இனம் பெருகாதபடி சத்திரசிகிச்சை செய்யவும் வழியுண்டு. வளர்க்க இயலாத நிலை வந்தால், வளர்க்கக் கூடியவரைத் தேடி அவர் கையிலே ஒப்படையுங்கள். கிடைக்கும்வரை அது உங்கள் பொறுப்பே. பெற்றோர்களே, பிள்ளை கேட்டவுடன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அது சலித்தவுடன் இரகசியமாகக் கொண்டுபோய் விடாதீர்கள். பொறுப்பு இல்லாத அன்பு போதும் என்று பிள்ளை படித்துவிடும்.

சிபிச் சக்கரவர்த்தியின் கதையை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். புறா அவனிடம் அடைக்கலம் புகுந்தது. பருந்து தன் இரையைக் கேட்டது. ‘உன் விதிப்படி பறந்து போ’ என்று புறாவை வானிலே விட்டிருந்தால் அவனுக்கு ஒரு துளியும் நட்டமில்லை. அவன் அவ்வாறு செய்யவில்லை. அடைக்கலத்தின் விலையைத் தன் தசையாலே கொடுத்தான். நம்மிடம் தசையை எவரும் கேட்கவில்லை. நாள்தோறும் ஒரு பிடி புல்லும், ஒரு சிரட்டை நீரும், கொஞ்சம் உழைப்புமே கேட்கப்படுகின்றன.

அன்று காவோலையின் கீழிருந்து வந்த முயலை மகன் தன் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதற்கென வேறொரு கூடு அடித்தேன். அது மேலும் ஆறு ஆண்டுகள் எங்கள் வளவிலே வாழ்ந்தது. காணாமற்போன மற்றதைத் தேடிப் பல மாலைகள் அப் பனங்கூடலுக்குப் போனேன், காணவேயில்லை. உங்களில் எவருக்கும் அந்தத் தேடல் வாய்க்காதிருக்கட்டும் என்று கூறி அமர்கிறேன்.