செல் மாற்றுவது சேமிப்பு ஆகாது

ஆடித்தபசுக் காட்சி கண்டு, கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு இந்தப் பந்தலில் வந்து அமர்ந்திருக்கும் சங்கரன்கோவில் பெருமக்களே, தாய்மார்களே, நடுவர் அண்ணாச்சி அவர்களே, எதிரணி நண்பர்களே!

பழைய ஹைபிரிட் காரின் பேட்டரி தளர்ந்துபோனால் கெட்ட செல்லை மட்டும் மாற்றுவது சிறந்ததா, முழுப் பேட்டரியையும் மாற்றுவது சிறந்ததா? முழுப் பேட்டரியையும் மாற்றுவதே சிறந்தது என்று வாதாட வந்திருக்கிறேன்.

விசைத்தறி ஓடுகிற ஊருக்கு இந்தத் தலைப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். அண்ணாச்சி, இந்தியாவில் 2008-இல் ஹோண்டா சிவிக் ஹைபிரிட் வந்தது. 2010-இல் டொயோட்டா பிரியஸ் வந்தது. 2013-இல் பெங்களூர் பக்கத்து பிடதி ஆலையிலேயே கேம்ரி ஹைபிரிட் தயாரானது. அன்று அவை பெரும் பணக்காரர் வீட்டுக் கார்கள். இன்று கைமாறிக் கைமாறி, நடுத்தரக் குடும்பம் விலை பேசும் பழைய கார்கள். 2022 இறுதியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸ் இப்போது நம் ஊர்க் கல்யாண வீட்டு வாசலிலும் நிற்கிறது. அதன் ஹைபிரிட் பேட்டரிக்குக் கம்பெனி தரும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். 2031 வாக்கில் அந்த உத்தரவாதம் ஒவ்வொரு காராக முடியத் தொடங்கும். அன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவை இன்றைக்கே பேசி வைப்பது நல்லது.

எதிரணியில் முதலில் பேசிய தங்கை கேட்டார்: "இருபத்தெட்டு செல்லில் ஒன்று கெட்டால், மிச்சம் இருபத்தேழையும் ஏன் தூக்கி எறிய வேண்டும்?" பந்தலே கைதட்டியது. கேட்கிறபோது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரண்டாம் தலைமுறை பிரியஸை எடுத்துக்கொள்வோம். பின் இருக்கைக்குப் பின்னால், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகையில் 28 கட்டைகள் அடுக்கியிருக்கும். பட்டறையில் செல் என்று சொல்வது இந்தக் கட்டையைத்தான். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட். ஒன்றன் வாலில் ஒன்றாக இணைத்தால் மொத்தம் 201.6 வோல்ட். வரிசையில் இணைத்ததால் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். எது பலவீனமானதோ அது முதலில் காலியாகும். சார்ஜ் ஏறும்போது முதலில் நிரம்பி, அதற்கு மேலும் திணிக்கப்படும். அதனால் சூடாகும், உப்பும், இன்னும் சீக்கிரம் கெடும். மொத்த அடுக்கின் பலமும் அந்த ஒரு கட்டையின் பலம்தான்.

சரி, அதைக் கழற்றிவிட்டு வேறொன்று போட்டால்? கரிசல் காட்டில் ஏர் பூட்டிய பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நுகத்தில் ஒரு பக்கம் பாய்கிற காளையையும் மறுபக்கம் மூப்படைந்த மாட்டையும் பூட்டுவீர்களா? காரின் கம்ப்யூட்டர் அந்த 28-ஐயும் இரண்டிரண்டாக, 14 சோடிகளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சோடிக்குச் சோடி வோல்ட் வித்தியாசம் எல்லை தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். புதிதாய்ப் போட்டது ஒரு மாதிரி, பழையது வேறு மாதிரி என்றால் அந்த வித்தியாசத்தை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம். பட்டறையில் போடுவதோ பெரும்பாலும் உடைத்த வேறொரு காரிலிருந்து எடுத்தது. அதன் வயது யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. ஒரு கட்டை கெட்டது தற்செயல் அன்று. அடுக்கின் நடுவில் இருப்பவைதான் அதிகம் சூடாகும். அவைதான் பெரும்பாலும் முதலில் போகும். மிச்சக் கட்டைகளும் அதே ஆண்டில் பிறந்தவை, அதே வெயிலைத் தின்றவை. வரிசையில் அடுத்து நிற்பவை அவை. இந்த மாதம் ஒன்று, நாலு மாதம் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு முறையும் பின் இருக்கையைக் கழற்றி, பேட்டரியை இறக்கி, ஏற்றி, கூலி கொடுத்து, காரில்லாமல் நாள் போக்கி. அண்ணாச்சி, இதைச் சிக்கனம் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் காரின் கம்ப்யூட்டரே என்ன சொல்கிறது தெரியுமா? பி0ஏ80 என்று ஒரு பிழைக் குறியீடு வரும். அதற்கு விதிக்கப்பட்ட பொருளே "ஹைபிரிட் பேட்டரி அடுக்கை மாற்று" என்பதுதான். அடுக்கை மாற்றச் சொல்கிறது. ஒரு கட்டையை அன்று.

எதிரணித் தம்பி இலங்கையைக் காட்டினார். "யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிரியஸும் அக்வா ஹைபிரிட்டும் செல் மாற்றி மாற்றித்தானே ஓடுகின்றன?" என்றார். ஓடுகின்றன, மறுக்கவில்லை. ஜப்பானில் ஓடிய கார்களை வாங்கி வாழ்வைக் கட்டியவர்கள் நம் உறவுகள். ஆனால் அங்கே நடந்தது என்ன? 2020-இல் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. 2022-இல் ரூபாயின் மதிப்பு சரிந்து எல்லாப் பொருளும் விலையேறியது. தனியார் கார் இறக்குமதிக்கு 2025-இல்தான் மீண்டும் வழி திறந்தது. வேறு கார் வாங்க வழியில்லாத காலத்தில், இருந்த காரை எப்படியாவது ஓட்டியாக வேண்டும். அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனுக்கு நான் தலை வணங்குகிறேன். நெருக்கடியில் செய்ததை நல்ல காலத்துக்கும் விதியாக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

"பழைய காருக்குப் புதுப் பேட்டரி வீண் செலவு" என்றும் சொன்னார்கள். 2011-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ், 2,00,000 மைலுக்கு மேல் ஓடிய 2002 மாடல் பிரியஸ் ஒன்றைச் சோதித்தது. மைலேஜும் வேகமும் பத்து ஆண்டுக்கு முன் புதுக் காரில் எடுத்த கணக்கை ஏறக்குறைய ஒட்டியே இருந்தன. காரணம் உண்டு. அந்தக் காரில் எஞ்சின் எல்லா நேரமும் ஓடுவதில்லை. பிரேக் பிடிக்கும் வேலையில் ஒரு பகுதியை மோட்டார் செய்வதால் பிரேக் தேய்மானமும் குறைவு. உடம்பு திடமாக இருக்கிற காருக்குப் பேட்டரி வாங்குவது எப்படி வீண் செலவாகும்?

உயிர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். 200 வோல்ட் நேர்மின்சாரம் பிடித்தால் ஆளை விடாது. ஆரஞ்சு நிறக் கேபிள் என்றாலே ஆபத்து என்று அர்த்தம். மின்சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடுக்கின் இரு பகுதிகளிலும் மின்சாரம் இருக்கும். அதற்கென்ற ரப்பர் கையுறை இல்லாமல் யாரும் தொடக் கூடாது. முழு அடுக்கை இறக்கி ஏற்றுவதிலும் கவனம் வேண்டும்தான். ஆனால் மூடிய பெட்டியை மாற்றுவதும், பெட்டியைத் திறந்து கட்டைகளை இணைக்கும் செம்புப் பட்டையை ஒவ்வொன்றாகக் கழற்றுவதும் ஒரே ஆபத்தா? அந்த வேலையைப் பட்டறையில் யார் கையில் கொடுக்கிறோம்? தொழில் பழக வந்த பதினெட்டு வயதுப் பையன் கையில். அவன் வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறாள், அண்ணாச்சி.

பயணம் செய்பவருக்கும் ஆபத்துதான். பிரியஸ், கேம்ரி போன்ற கார்களில் தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. எஞ்சினைச் சுழற்றி எழுப்புவதே இந்தப் பெரிய பேட்டரிதான். அது கைவிட்டால் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் வண்டி கிளம்பாது. இரவு நேரத்தில் ராஜபாளையம் சாலையில் பிள்ளை குட்டியோடு நிற்பதற்கு யார் பொறுப்பு?

நியாயம் பேசுகிறவர்கள் நாங்கள்; ஆகையால் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் புதுப் பேட்டரி வாங்க ஓட வேண்டாம். முதலில் 12 வோல்ட் சின்னப் பேட்டரியைப் பாருங்கள். செம்புப் பட்டையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். பின் இருக்கைப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும். அதன் மேல் பையையும் துணியையும் அடைத்து வைக்காதீர்கள். பஞ்சுத் தூசி பறக்கிற ஊர் நம் ஊர். அந்த ஃபேனை அவ்வப்போது சுத்தம் செய்யுங்கள். இதெல்லாம் பராமரிப்பு; இதை எங்கள் அணி இரு கை கூப்பி வரவேற்கிறது. பராமரிப்பைத் தாண்டிக் கட்டைகளே தளர்ந்துவிட்டன என்று சோதனையில் தெரிந்த பிறகுதான் எங்கள் வாதம். கம்பெனி பேட்டரிக்கு வசதி இல்லை என்றால், 28-ஐயும் புதிதாகப் போட்டுத் தருகிற நம்பகமான ஆளிடம் செய்யுங்கள். அதுவும் எங்கள் கட்சிதான். ஒட்டுப் போடுவதை மட்டும்தான் எதிர்க்கிறோம்.

ஏனென்றால் ஒட்டுப் போட்ட காரை விற்பதுதான் அடுத்து நடக்கிறது. ஒரு செல்லை மாற்றி, பிழைக் குறியீட்டை அழித்து, விளக்கை அணைத்து, விவரம் அறியாத ஒருவர் தலையில் கட்டுகிறார்கள். தறி ஓட்டிச் சேர்த்த காசில் கார் வாங்கியவர் வீட்டில் சில மாதத்தில் அந்த விளக்கு மறுபடியும் எரியும். அந்தக் குடும்பம் சிந்தும் கண்ணீருக்கு எதிரணி பதில் சொல்ல வேண்டும்.

கழற்றிய பழைய பேட்டரி வீணாகிறதே என்ற கவலையும் வேண்டாம். 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேலேயே வைத்திருக்கின்றன. முழு அடுக்காகத் திருப்பிக் கொடுத்தால் அதிலுள்ள நிக்கல் மீண்டும் பயனுக்கு வரும். ஒவ்வொன்றாகக் கழற்றிய கட்டை பழைய இரும்புக் கடைக்குப் போனால், உள்ளே இருக்கும் காரம் நம் மண்ணில்தான் கொட்டும்.

ஆகவே, நடுவர் அண்ணாச்சி அவர்களே, பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் வாங்கப் போகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பேட்டரியை முறையாகச் சோதியுங்கள், சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், தளர்ந்தது உறுதியானால் முழுதாக மாற்றுங்கள். பணத்தையும் பட்டறைப் பிள்ளைகளின் உயிரையும் வாங்குபவரின் நம்பிக்கையையும் ஒருசேரக் காப்பது முழுப் பேட்டரியையும் மாற்றுவதே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.