மனநல ஆலோசனை யாருக்கு?

(சோழவந்தான் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கவுன்சலிங் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பணிமாறுதல் கலந்தாய்வுதான். அதற்குப் போவதை யாரும் மறைப்பதில்லை. மனநல ஆலோசனைக்குப் போகிறேன் என்று சொல்வதற்கு மட்டும் தயங்குகிறோம். "அவருக்கு என்ன ஆயிற்று?" என்று ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்பிவிடுமோ என்ற பயம்.

இந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்து 28 பேர் இறந்தனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. ஆனாலும் மனநலம் என்றதும் சங்கிலியை நினைக்கும் வழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை.

நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலைப் பாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை இது. அகத்தியை நட்டு, கொடியை அதன்மேல் ஏற்றி, வளர வளர வாழைநாரால் கட்டிவிடுகிறார்கள். நன்றாக வளரும் கொடிக்கும் அந்தக் கட்டு வேண்டும். அதையும் தளர்வாகத்தான் கட்டுவார்கள். இறுக்கினால் கொடி நோகும். மனநல ஆலோசனையும் அப்படிப்பட்ட ஒரு துணைதான்.

ஆலோசனை என்ற சொல்லைக் கேட்டு, அங்கே புத்திமதி சொல்வார்கள் என்று நினைக்க வேண்டாம். புத்திமதி சொல்ல நம்மைச் சுற்றி ஆட்களுக்குக் குறைவில்லை. குறுக்கிடாமல், தீர்ப்புச் சொல்லாமல், முழுதாகக் கேட்க ஒருவர் கிடைப்பதுதான் அரிது.

என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவரின் தாயார் படுத்த படுக்கையாக இருந்தார். வகுப்பில் சிறு சத்தம் கேட்டாலும் ஆசிரியைக்குக் கோபம் பொங்கும். ஆலோசகரை நான்கு முறை சந்தித்தார். "பொறுமையாக இருங்கள்" என்று ஆலோசகர் ஒருமுறைகூடச் சொல்லவில்லையாம். "வகுப்பறைக்குள் நுழையும்போது என்ன நினைப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அம்மாவைத் தனியே விட்டு வந்த உறுத்தல்தான் கோபமாக வெளிப்படுகிறது என்பதை ஆசிரியையே கண்டுகொண்டார். பிறகு, வாரம் இரண்டு நாள் பார்த்துக்கொள்ளும்படி தம்பியிடம் வாய்விட்டுக் கேட்டார். தாயாரின் நோய் குறையவில்லை. ஆசிரியையின் குரல் தணிந்தது. அதை முதலில் கவனித்தவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்.

அங்கே சொல்வது வெளியே போகுமா என்று கேட்பீர்கள். ஆலோசகர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தாலோ மட்டும் உரியவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இதை முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

ஆலோசனை எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கடனை அது அடைக்காது, பணிச்சுமையைக் குறைக்காது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் நாட்டமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆலோசகர் மருந்து எழுத மாட்டார், மருத்துவர் எழுதுவார். சிலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

போக நேரமில்லை என்பவர்களுக்குத் தொலைபேசி இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். பெரிய துன்பம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மாணவர்களுக்கு 14417, 1098 ஆகிய எண்களையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வையுங்கள்.

எழுதினால் மட்டும் போதாது. மனத்துயரைப் பற்றி நாம் கேலி பேசுவதைக் கேட்கும் மாணவர் அந்த எண்ணை ஒருநாளும் அழைக்க மாட்டார். நம் ஆசிரியர் அறையில் ஒருவர் "நான் ஆலோசகரைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்றால், "நல்லது செய்தீர்கள்" என்று சொல்வோம். அந்தப் பேச்சு வகுப்பறை வரை போய்ச் சேரும்.