கையுறையும் கணக்கும்

(பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் செவிலியர் பயிற்சி மாணவர்களிடையே ஆற்றிய உரை)



1898-ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் பரவியது. நெருக்கடியான குடியிருப்புகளின் தீங்கை அது எல்லோருக்கும் உணர்த்தியது. காற்றோட்டமும் வடிகாலும் உள்ள புதிய பேட்டைகளை அமைக்கும் பணி அதன் பின் வேகம் பெற்றது. நமக்கு அண்டையிலுள்ள பிரேசர் டவுன் அவ்வாறு எழுந்த பேட்டைகளுள் ஒன்று. நோய்க்கும் மனிதனுக்கும் இடையே தடுப்பு அமைக்க வேண்டும் என்பதே அன்று கற்ற பாடம். அறுவைச் சிகிச்சை அரங்கில் அத்தடுப்பாக விளங்குபவை கையுறை, முகக் கவசம், மேலங்கி, கண்ணாடி ஆகியவை.

செவிலியருக்காகப் பிறந்தது

அறுவை அரங்கில் ரப்பர் கையுறை வழக்கத்திற்கு வந்ததற்கு ஒரு செவிலியரே காரணம். 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை அரங்கில் பணியாற்றிய கரோலின் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் கரைசலால் புண்ணாயின. அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். நோயாளிக்கும் அதனால் பாதுகாப்பு உண்டு என்பது சில ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. பணியாளரின் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும் ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஒரு கோப்பின் கதை

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் கொள்முதல் கோப்பு என் மேசைக்கு வந்தது. கையுறைத் தேவை முந்தைய ஆண்டைவிட மிகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. "காரணம் விளக்குக" என்று எழுதித் திருப்பினேன், அளவு குறைந்தது, சிக்கனம் செய்த மனநிறைவு எனக்கு.

சில மாதங்கள் கழித்து அங்கே சென்றபோது, ஒருமுறை பயன்படுத்தி எறிய வேண்டிய கையுறைகள் கழுவிக் கொடியில் உலர்த்தப்பட்டிருந்ததைக் கண்டேன். மூத்த செவிலியர் ஒருவர் அவற்றுள் ஒன்றை எடுத்து நீர் நிரப்பினார். விரல் நுனியில் நீர் கசிந்தது. "இந்த ஓட்டை கோப்பில் தெரியாது, ஐயா" என்றார். நான் மறுமொழி கூறவில்லை. திரும்பியதும் அக்கோப்பை மீண்டும் வரவழைத்தேன்.

மிச்சப்பட்டது சில ரூபாய். எதிர்ப்பக்கத்தில் எழுதப்படாத செலவு எவ்வளவு? தடுப்பூசி போடாத ஒருவரைத் தொற்றுள்ள நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால், ஹெபடைடிஸ்-பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை உண்டு; எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம். நோயாளியின் புண்ணில் சீழ் பிடித்தால் படுக்கை நாட்களும் மருந்துச் செலவும் பெருகுகின்றன. குடும்பம் கூலியை இழக்கிறது. இவை எந்த ஒப்பந்தப் புள்ளியிலும் இடம்பெறுவதில்லை.

பெங்களூர் கற்பித்தது

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முழு உடல் பாதுகாப்பு அங்கிகள் நம் நாட்டில் அநேகமாகத் தயாரிக்கப்படவே இல்லை. மே மாதத்திற்குள் நாளொன்றுக்கு 4 இலட்சத்துக்கு மேல் தயாராயின. அவ்வுற்பத்தியின் பெரும் மையமாக விளங்கியது பெங்களூர்தான். கோவையிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், செயற்கை இரத்தம் துணியை ஊடுருவுகிறதா எனச் சோதித்துச் சான்றளித்தது. துணி நன்றாயிருந்தும், தையலூசி இட்ட துளைகளை நாடாவால் அடைக்காவிட்டால் அங்கி பயன்படாது. உற்பத்தியைப் போலவே தரச் சோதனையும் இன்றியமையாதது என்பதை அந்நாட்கள் காட்டின.

அணிவதும் கழற்றுவதும்

ஆயினும், பொருள் இருந்தால் மட்டும் போதாது. கையுறை கை கழுவுதலுக்கு மாற்று அன்று. அணியுமுன்னும் கழற்றிய பின்னும் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். இரட்டைக் கையுறை அணிந்தால் உட்புறக் கையுறை துளைபடுவது குறைகிறது. கழற்றும்போதே கவனம் மிகுதியாகத் தேவை: மாசு மிகுந்த கையுறை முதலில், முகக் கவசம் இறுதியில். உயிர்மருத்துவக் கழிவு விதிகள், 2016-இன்படி கையுறை சிவப்புப் பையில் சேர வேண்டும். ஊசி, கத்தி முனைகள் துளைபடாத வெள்ளைக் கலத்தில் சேர வேண்டும். கையுறையோடு ஊசியைச் சேர்த்து எறிந்தால், ஆபத்து துப்புரவுத் தொழிலாளியின் கைக்கு மாறுகிறதே தவிர மறைவதில்லை.

தேவையற்ற இடத்தில் அணிவதும் விரயமே. எனவே அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அறுவைகளின் எண்ணிக்கையைக் கொண்டு தேவையைக் கணக்கிடுங்கள், குறைந்த விலையோடு தரச் சான்றையும் கேளுங்கள், கொள்முதல் குழுவில் அரங்குச் செவிலியர் ஒருவருக்கு இடம் கொடுங்கள்.

மாணவ மாணவியரே! நாளை உங்களிடம் கிழிந்த கையுறை தரப்பட்டால், தயங்காமல் மறுத்து, காரணத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள். அப்பதிவு என்போன்றோரின் மேசைக்கு வந்து சேரும். கோப்பில் தெரியாத ஓட்டையைக் கோப்பில் தெரியச் செய்வதும் செவிலியப் பணியே.