துடைப்பக் குச்சியில் ஏறிய பனித்துகள்



வானொலியில் படம் காட்ட வழியில்லை. ஆனாலும் இன்று ஒரு புகைப்படத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல நீங்கள்தான் மனத்துக்குள் வரைந்துகொள்ள வேண்டும். பின்புலம் முழுக்கக் கறுப்பு. நடுவில் கண்ணாடி மாதிரித் தெளிவான ஒரு சின்ன அறுகோணத் தகடு. அதன் ஆறு முனைகளிலிருந்தும் ஆறு கைகள் நீளுகின்றன. ஒவ்வொரு கையிலும் இரு பக்கமும் கிளைகள், கிளைகளில் இன்னும் நுணுக்கமான கிளைகள். மார்கழி மாதத்தில் கைதேர்ந்த ஒருத்தி வாசலில் இழுத்த புள்ளிக் கோலம் போல, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அதே அழகு. இத்தனையும் சில மில்லிமீட்டர் அகலத்துக்குள். வானத்திலிருந்து விழுந்த ஒரே ஒரு பனித்துகள் அது.

இந்த மாதிரிப் படங்களை முதன்முதலில் ஆயிரக்கணக்கில் எடுத்தவர் ஒரு விவசாயி. பெயர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் 1865-ல் பிறந்தவர். அம்மா முன்பு பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். மகனுக்குப் பதினைந்து வயதானபோது தம்மிடமிருந்த பழைய நுண்ணோக்கியை அவனிடம் கொடுத்தார். பையன் அதில் பனித்துகளை வைத்துப் பார்த்தான். பார்த்ததைக் காகிதத்தில் வரைய உட்கார்ந்தான். பாதி வரைவதற்குள் துகள் உருகிவிடும். குளிர்காலம் குளிர்காலமாக இதே கதை.

புகைப்படக் கருவியை நுண்ணோக்கியோடு பொருத்தினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. அந்தக் காலத்தில் இரண்டும் சேர்த்து ஏறக்குறைய நூறு டாலர். மாடு கறந்து பிழைக்கும் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. வேண்டாத வேலை என்று அப்பா நினைத்தார். ஆனாலும் வாங்கிக் கொடுத்தார். 1885 ஜனவரி 15-ஆம் தேதி பென்ட்லியின் முதல் பனிப்படிகப் படம் பதிவானது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கணப்பு இல்லாத ஒரு கொட்டகைதான் அவருடைய ஆய்வுக்கூடம். உள்ளே வெப்பம் இருந்தால் எல்லாம் தண்ணீராகிவிடும். ஒரு கறுப்புப் பலகையை வெளியே நீட்டிப் பனியை ஏந்துவார். பலகையில் விழுந்தவற்றைக் கண்ணால் துழாவி, நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். துடைப்பத்திலிருந்து உருவிய ஒரு குச்சியின் நுனியால் அதை மெல்லத் தொட்டுத் தூக்கிக் கண்ணாடிச் சில்லில் வைப்பார். பறவை இறகு ஒன்றால் நோகாமல் அழுத்திப் படிய வைப்பார். இத்தனை நேரமும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். மூச்சுக்காற்று பட்டால் போதும், படிகம் போய்விடும். பிறகு கண்ணாடிச் சில்லைக் கருவியில் பொருத்தி, பின்னாலிருந்து வரும் பகல் வெளிச்சத்தில் படம் எடுப்பார். நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட குளிர்காலங்கள் இப்படிக் கழிந்தன. சேர்ந்த படங்கள் 5000-க்கும் மேல். ஒன்றைப் போல இன்னொன்று இருந்து தாம் பார்த்ததில்லை என்று அவர் சொல்லிவந்தார். பனித்துகள் இரண்டு ஒன்றுபோல் இராது என்ற பேச்சு உலகமெல்லாம் பரவியது அவரால்தான்.

அவர்மேல் ஒரு குற்றச்சாட்டும் உண்டு. வெள்ளைப் பனியை வெள்ளைப் பின்புலத்தில் எடுத்தால் எடுப்பாகத் தெரியாது. அதனால் எதிர்மறைத் தகட்டின் பிரதியில், படிகத்தைச் சுற்றியுள்ள பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுப்பார். கறுப்புப் பின்புலம் வந்தது அப்படித்தான். ஜெர்மனியில் கஸ்டவ் ஹெல்மன் என்ற வானிலை அறிஞர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். ஹெல்மன் தரப்பில் எடுக்கப்பட்ட படங்களில் பனித்துகள்கள் கோணலும் மாணலுமாக, கை ஒடிந்தும் ஒரு பக்கம் வீங்கியும் இருந்தன. பென்ட்லியின் படங்களில் மட்டும் எல்லாம் எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று அவர் கேட்டார். இயற்கையை உள்ளபடி காட்ட உதவுமானால் படத்தைத் திருத்துவதில் தவறில்லை என்பது பென்ட்லியின் பதில்.

என்னைக் கேட்டால், பின்புலத்தைச் சுரண்டியது பெரிய குற்றமில்லை. அழகானவற்றை மட்டும் பொறுக்கியதில்தான் பாதி உண்மை விடுபட்டுப் போனது. விழும் பனியில் பெரும்பகுதி அரைகுறைதான். ஆனால் அந்த அழகுக்கு அவர் ஆட்பட்டிருக்காவிட்டால், பனியை உற்றுப் பார்க்க வேண்டும் என்று பின்னால் வந்த ஒருவருக்குத் தோன்றியிருக்குமா என்பதும் சந்தேகமே.

அந்த ஒருவர் ஜப்பானியர், உகிச்சிரோ நகாயா. இயற்பியல் படித்தவர். 1930-ல் வடக்கே ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனார். அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிகள் அங்கே இல்லை. பனிக்கு மட்டும் குறைவில்லை. பென்ட்லியின் படங்களைப் பார்த்து ஊக்கம் பெற்றவர், அவர் ஒதுக்கிய பனித்துகள்களையும் சேர்த்தே ஆராய்ந்தார். உடைந்தது, ஊசி, தூண், உருவமற்ற கட்டி என எதையும் விடவில்லை. 3000 படங்கள் எடுத்து, வகை வகையாகப் பிரித்தார்.

அடுத்து பனிப்படிகத்தைச் செயற்கையாக உண்டாக்கப் பார்த்தார். படிகம் வளர அந்தரத்தில் ஒரு பிடிமானம் வேண்டும். பஞ்சு நூல், பட்டு நூல் என்று எதெதையோ தொங்கவிட்டார்; அவற்றில் பனி உறைந்து நூல் முழுக்க அப்பிக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தது முயலின் முடி. முடியின் மேல் இடைவிட்டு இருந்த சின்னச் சின்ன முடிச்சுகளில் மட்டும் படிகம் முளைத்தது. 1936 மார்ச் மாதம், குளிர் ஆய்வுக்கூடத்தில் முதல் செயற்கைப் பனிப்படிகம் பிறந்தது.

வெப்பமும் ஈரமும் மாற மாற வடிவம் மாறுவதை நகாயா ஒரு வரைபடமாகவே போட்டுக் காட்டினார். பூஜ்யத்துக்குக் கீழே 2 டிகிரி செல்சியஸ் வாக்கில் மெல்லிய தகடு. 5 டிகிரியில் ஊசி. 15 டிகிரியில், காற்றில் ஈரமும் நிறைய இருந்தால், கிளை விரிக்கும் நட்சத்திரம். ஆகவே தரையில் விழுந்த துகளைப் பார்த்தே மேலே மேகத்தில் நிலவரம் என்ன என்று சொல்லிவிடலாம். ஆறு கைகளும் ஒரே மாதிரி வளர்வதற்கும் காரணம் இதுதான். ஆறும் ஒரே துகளில் இருப்பதால், ஒரே குளிரையும் ஒரே ஈரத்தையும் கடந்து வருகின்றன. அடுத்த துகள் வேறு வழியாக இறங்குகிறது. அதனால் வேறு வடிவம் பெறுகிறது.

ஏன் ஆறு, ஐந்தோ ஏழோ ஏன் இல்லை? 1611-லேயே வானியல் அறிஞர் கெப்ளர் இந்தக் கேள்விக்காக ஒரு சிறு நூல் எழுதினார். விடை அவருக்குக் கிட்டவில்லை. நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அடுக்கில் கைகோத்துக்கொள்கின்றன என்பது தெரிய இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

நம் உதகமண்டலத்துப் புல்வெளியில் குளிர்காலக் காலைகளில் வெள்ளையாகத் தெரிவது தரையிலேயே உறையும் பனி. மேகத்திலிருந்து இறங்கும் இந்தப் படிகம் இல்லை. அதைப் பார்க்க இமயமலைப் பக்கம்தான் போக வேண்டும். ஆனால் பென்ட்லி செய்த இன்னொரு வேலையை நாம் எங்கிருந்தும் செய்து பார்க்கலாம். கோடையில் அவர் மழைத்துளிகளை அளந்தார். தட்டில் சலித்த கோதுமை மாவை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, சில வினாடிகள் மட்டும் மழையில் நீட்டுவார். விழும் ஒவ்வொரு துளியும் மாவைத் திரட்டி ஒரு குட்டி உருண்டையாகும். உருண்டைகள் காய்ந்ததும் எடுத்து அளப்பார். அளவு தெரிந்த துளிகளை மாவில் விட்டுப் பார்த்து, உருண்டையின் அளவும் துளியின் அளவும் ஏறக்குறைய ஒன்றே என்று முன்கூட்டியே உறுதி செய்துகொண்டிருந்தார். மிகப் பெரிய துளி கால் அங்குலத்தைத் தொட்டது. 1904-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

அவருடைய பனிப்படிகப் புத்தகம் 1931-ல் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பனிப்புயலில் நடந்தே வீடு திரும்பிய பென்ட்லி நிமோனியா கண்டு, 23-ஆம் தேதி காலமானார்.

அடுத்த மழைக்கு, வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால், ஒரு தட்டில் சலித்த மாவைக் கொடுத்துவிடுங்கள். இடி மின்னல் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டாம். மற்ற நேரத்தில் ஜன்னல் வழியே கையை நீட்டினால் போதும். தூறலுக்கு ஒரு தட்டு, கனமழைக்கு ஒரு தட்டு. உருண்டைகள் காய்ந்த பிறகு அடிக்கோலை வைத்து அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.