மின்சாரக் கணக்கு மக்கள் முன் விரியட்டும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் நமது தேசவழமையைத் தொகுத்தெழுதுவித்தனர். கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் உத்தியோகத்தர் எழுதியதை அவர்கள் அப்படியே சட்டமாக்கிவிடவில்லை. அதனைத் தமிழிலே பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுத்து, வாசித்துச் சரிபார்க்கச் செய்தனர். அது அந்நிய ஆட்சிதான். எனினும், ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு வாழவேண்டிய மக்களுள் சிலராவது அவ்விதியை வாசித்துப் பார்க்கவேண்டும் என்ற நியாயம் அந்த ஆட்சிக்கும் தெரிந்திருந்தது.

இன்று நம்மைக் கட்டுப்படுத்தும் விதிகளுள் ஒன்று சட்டப் புத்தகத்திலே இல்லை, கணினிக்குள்ளே இருக்கிறது. அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும், அதனை நிலக்கரியிலிருந்து பெறுவதா, எரிவாயுவிலிருந்து பெறுவதா, காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் பெறுவதா என்பனவற்றைத் தீர்மானிப்பதற்கு அடிப்படையாக அமைவது ஒரு கணிதக் கணக்கு. அறிஞர் இதனை வலுசக்தி மாதிரி என்பர். அந்த மாதிரியின் மென்பொருளும், அதற்கு ஊட்டப்படும் தரவுகளும் மக்கள் கண்முன் திறந்திருக்க வேண்டுமா, அல்லது பூட்டிய அறைக்குள் இருக்கவேண்டுமா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வழக்கு.

“இது என்சினியர்மாரின் சங்கதி, எமக்கென்ன?” என்று கமக்காரர் கேட்கலாம். 2022ஆம் ஆண்டிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளில் இருந்தோமே, மறந்துவிட்டோமா? அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் உயர்ந்தது. வெளிநாட்டு எரிபொருளை டொலர் கொடுத்து வாங்கி மின்சாரம் செய்யும் ஏற்பாட்டிலே பெரிதும் தங்கியிருந்தோம். டொலர் தீர்ந்தது, வெளிச்சமும் தீர்ந்தது. வெங்காயத் தோட்டத்துக்குக் கிணற்றுநீர் இறைப்பவன் கட்டும் பணத்திலே, எவரோ எப்போதோ போட்ட கணக்கின் விளைவும் அடங்கியிருக்கிறது.

மாதிரி என்பது மந்திரமன்று. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய நெல்லையும் எண்ணெயையும் ஒரு குடும்பத் தலைவி எவ்வாறு மதிப்பிடுவாளோ, அதன் பெருவடிவமே அது. ஆண்டுக்கு 8,760 மணித்தியாலங்கள். ஒவ்வொரு கணமும் வேண்டப்படும் மின்சாரமும் பிறப்பிக்கப்படும் மின்சாரமும் சமமாக இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. நிலையம் கட்டும் செலவு, அதன் ஆயுள், எரிபொருள் விலை, காற்றின் வேகம், வெயிலின் அளவு, கம்பிகள் தாங்கும் பளு ஆகியவற்றை எண்களாக ஊட்டினால், அவ்விதிகளுக்கு உட்பட்டு மிகக் குறைந்த செலவுள்ள வழியை அது தேடித் தரும். நுணுக்கமான மாதிரிகள் மணித்தியாலம் மணித்தியாலமாகக் கணக்குப் பார்க்கும். பழையன பல மணித்தியாலங்களை ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கும். மாறி மாறி வரும் காற்றையும் வெயிலையும் மதிப்பிடுகையில் இவ்வேறுபாடு சிறியதன்று.

ஊட்டுகின்ற எண்களிலே கருத்தும் கலந்திருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் காட்டுவோம். இருபது ஆண்டுகளின் பின் செலவாகும் நூறு ரூபாவை இன்றைய பெறுமதிக்கு மாற்றக் கழிவு வீதம் என்றொன்றைப் பயன்படுத்துவர். வீதம் பத்துச் சதவீதமாயின் அந்த நூறு ரூபா இன்று ஏறக்குறைய 15 ரூபாவாகச் சுருங்கும். ஐந்து சதவீதமாயின் 38 ரூபாவாக நிற்கும். நிலக்கரி நிலையத்தின் செலவிலே பெரும்பகுதி ஆண்டாண்டாக வாங்கவேண்டிய எரிபொருளாகும். காற்றாலையின் செலவிலே பெரும்பகுதி முதலிலேயே போடவேண்டிய பணமாகும். ஆகவே வீதம் கூடக்கூட எரிபொருள் மலிவாகத் தோன்றும். காற்று விலையேறியதாகத் தோன்றும். எமது நாட்டின் நீண்டகால மின்பிறப்பாக்கத் திட்டங்கள் பத்துச் சதவீதத்தை அடிப்படையாகக் கொண்டே கணிக்கப்பட்டு வந்தன. அது தவறென்று நாம் இங்கே தீர்ப்புக் கூறவில்லை. எட்டானால் என்ன, ஆறானால் என்ன என்று நாமே போட்டுப் பார்க்கும் உரிமையைத்தான் கேட்கிறோம்.

கணக்கேட்டிலே ஒரு வரியாக இருப்பது நிலத்திலே ஓர் ஊராக இருக்கிறது. 2006இல் போரினால் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுடைய பகுதியிலே இந்தியக் கம்பனியொன்றுடன் கூட்டாக 500 மெகாவாற்று நிலக்கரி நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. அது கட்டப்படமாட்டாது என்று 2016 செப்டெம்பரில் அரச தரப்பு உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. இடையிலே பத்து ஆண்டுகள் சென்றன. அந்நிலையம் நாட்டுக்கு இன்றியமையாததா என்பதைத் தாமே கணக்கிட்டுக் காட்டும் கருவி அம்மக்களின் கையிலே இருந்ததா? இல்லை.

அடுத்த ஆண்டே இன்னொரு காட்சி. இலங்கை மின்சார சபை 2018 முதல் 2037 வரைக்குமான திட்டத்தைச் சமர்ப்பித்தது. அதில் நிலக்கரி நிலையங்கள் இருந்தன. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவோ 2017 யூலையில் நிலக்கரி இல்லாத திட்டமொன்றை அங்கீகரித்தது. இழுபறி 2018 வரை நீடித்தது. இரு தரப்பும் கணக்கைக் காட்டின. இரு தரப்பும் தம் வழியே மலிவென்றன. திட்ட அறிக்கைகள் வெளியிடப்பட்டன என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் அறிக்கை வேறு, கணக்கு வேறு. சபை நெடுங்காலம் பயன்படுத்திய ‘வாஸ்ப்’ என்னும் மென்பொருள் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு, சர்வதேச அணுசக்தி முகவரகத்தினால் உறுப்பு நாடுகளுக்கு வழங்கப்படுவது. பொதுமகன் அதனை எடுத்து ஓட்டிப்பார்க்க வழியில்லை. சாட்சியின் வாக்குமூலம் கையிலே தரப்பட்டது. குறுக்கு விசாரணைக்கு இடமளிக்கப்படவில்லை.

குறுக்கு விசாரணை எதற்கு? பெரியவர்களும் பிழை விடுவார்கள் என்பதற்காகவே. 2010இல் பொருளியலாளர் இருவர் அரச கடனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். பல நாடுகளில் செலவுக் குறைப்பை ஆதரித்தோர் அதனை ஆதாரமாகக் காட்டினர். 2013இல் தோமஸ் ஹேர்ண்டன் என்ற மாணவர் அவர்களிடமே கணக்குத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரியிலே சேர்க்கவேண்டிய ஐந்து நாடுகள் தவறுதலாக விடுபட்டிருந்தன! தாளைக் கொடுத்தபடியால் பிழை வெளிவந்தது. கொடுக்காவிடில் அது இன்றும் உண்மையாகவே உலாவியிருக்கும்.

வலுசக்தித் துறையிலே இந்த ஞானம் ஐரோப்பாவில் மெல்ல வேரூன்றியது. டென்மார்க்கிலே பிறந்த ‘பால்மொறெல்’ மாதிரி 2001 முதல் திறந்த மூலமாக உள்ளது. ஆயினும் அதனை ஓட்டுவதற்கு விலைகொடுத்து வாங்கும் வேறொரு மென்பொருள் தேவைப்பட்டது. கதவு திறந்திருந்தது, படிக்கட்டு இல்லை. மார்க் ஹவல்ஸ் முதலானோர் 2011இல் அறிமுகம் செய்த ‘ஒஸெமோஸிஸ்’ அக்குறையைத் தீர்த்தது. மாதிரியும் அதனைத் தீர்க்கும் கருவியும் இலவசமாகக் கிடைத்தமையால், பணம் குறைந்த நாடுகளின் மாணவரும் உத்தியோகத்தரும் அதனைக் கற்றுப் பயன்படுத்தினர். 2014இல் ஜேர்மனியின் பேர்லின் நகரிலே திறந்த வலுசக்தி மாதிரி இயக்கம் தொடங்கிற்று. பிராங்பேர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பைப்ஸா’ இன்று கண்டங்கள் முழுவதன் மின்வலையையும் கணக்கிடப் பயன்படுகிறது. பெருங் கணக்குகளைத் தீர்க்கும் ‘ஹைஸ்’ என்னும் கருவியை ஸ்கொத்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தினர் இலவசமாகத் தந்துள்ளனர். வலுசக்தி விஞ்ஞானிகள் தம் கணக்கின் படிமுறைகளைக் காட்டவேண்டும் என்று ஸ்ரெபான் பெனிங்கர் 2017இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் எழுதினார்.

கருவி மட்டும் போதாது, தரவும் வேண்டும். உழுவதற்குக் கலப்பை கிடைத்தாலும் விதைநெல் இல்லாமல் விளைச்சல் ஏது? ஐரோப்பாவிலே மின்கம்பிகளின் விபரம் கிடைக்காதபோது, 2004இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட ‘ஓப்பன் ஸ்ரீற் மப்’ என்னும் திறந்த வரைபடத்திலே தொண்டர்கள் கோபுரம் கோபுரமாகக் குறித்து வைத்தவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் மின்வலையை வரைந்தனர். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் திறந்த வானிலைத் தரவுகளிலிருந்து, உலகின் எவ்விடத்திற்கும் மணித்தியாலவாரியாகக் காற்றையும் வெயிலையும் கணித்துத் தருகின்றனர். மன்னார்க் காற்றும் கிளிநொச்சி வெயிலும் அதற்குள் அடக்கம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். “எல்லாம் வெளியிட்டுவிட்டோமே” என்று சொல்லும் அதிகாரிகள் ஒன்றை மறக்கின்றனர். பிறன் எழுதியதை வாசிக்கலாம். அனுமதியின்றிப் பிரதி செய்யவோ, மாற்றவோ, பகிரவோ இயலாது. இதுவே பதிப்புரிமையின் பொதுவிதி. ஐரோப்பிய ஒன்றியத்திலே 1996ஆம் ஆண்டுப் பணிப்புரை, செலவிட்டுத் திரட்டிய தரவுத் தொகுதிக்கும் பதினைந்து ஆண்டுப் பாதுகாப்பு அளித்தது. ஆகவே அங்கே வெளிப்படையாகக் கிடந்த எண்களைத் தொடுவதற்கும் ஆய்வாளர் தயங்கினர். உறுதியில்லாத காணியிலே வீடு கட்டத் துணிபவன் யார்? அதனால்தான் திறந்த மூலம் என்பதன் உயிர்நிலை எழுத்திலுள்ள உரிமப் பத்திரம் என்கிறோம். ‘இதனை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம்’ என்ற வாசகமே அதன் உறுதி.

நமது நாட்டிலே நிலைமை ஒருவகையில் மேலானது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெறும் தரவுக்குப் பதிப்புரிமை அளிப்பதில்லை. தகவல் அறியும் உரிமை 2015இல் அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாயிற்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. கதவு இருக்கிறது, திறவுகோலும் இருக்கிறது. திருப்பும் கை நம்முடையதாக இருக்கவேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதங்களையும் கேட்போம். தரவைத் திறந்தால் நாசகாரர் பயன்படுத்துவர் என்பது ஒன்று. உபநிலையத்தின் பூட்டையும் காவலையும் எவரும் கேட்கவில்லை. மணித்தியாலத் தேவையையும் நிலையச் செலவையும்தான் கேட்கிறோம். கம்பனிகளின் வியாபார இரகசியம் வெளிப்படும் என்பது இரண்டாவது. அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு அத்தகைய இரகசியங்களைக் காக்கிறது. ஆயினும் பொதுநலன் மேலோங்குமிடத்து வெளியிடவேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. பாமரர் தவறாகக் கணக்கிட்டுக் குழப்புவர் என்பது மூன்றாவது. குழப்பலாம். தவறான கணக்கும் திறந்த கணக்காயின், அதன் தவற்றை அடுத்தவன் காட்டிவிடுவான். மூடிய கணக்கின் தவற்றை எவன் காட்டுவான்?

நம் பக்கத்தாருக்கும் ஒரு சொல் உண்டு. திறந்த கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லும் என்று எண்ணவேண்டாம். மன்னார்த் தீவிலே 103.5 மெகாவாற்றுத் தம்பபவனி காற்றாலைகள் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டன. மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். அவற்றை வேறிடத்தில் அமைத்தால் நாட்டுக்கு எவ்வளவு கூடுதல் செலவு என்பதைத் திறந்த மாதிரி காட்டும். அது சிறு தொகையாயின் அம்மக்களின் வாதம் வலுப்பெறும். பெருந் தொகையாயின், அதனைச் சுமக்கச் சொல்வது யாரை என்று நாமும் பதில் சொல்லவேண்டும். உண்மையைக் கேட்கத் துணிந்தவனே கணக்கைக் கேட்கத் தகுந்தவன்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. திட்டத்துக்குப் பயன்படுத்தும் மாதிரி எவரும் ஓட்டிப்பார்க்கக் கூடியதாக இருக்கவேண்டும். ஊட்டிய தரவுகள் அச்சுப் படமாக அன்றி, கணினி வாசிக்கும் அட்டவணைகளாக வரவேண்டும். மீளப் பயன்படுத்தும் உரிமை எழுத்திலே தரப்படவேண்டும். எடுகோள்களின் விளக்கம் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரவேண்டும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் வந்த அதன் திருத்தமும் மின்சார சபையின் பணிகளைப் பிரித்துப் பல கம்பனிகளுக்கு வகுத்துள்ளன. திட்டமிடும் அதிகாரத்தைப் பெறுபவர் எவரோ, கணக்குக் காட்டும் கடமையையும் அவரே பெறுதல் வேண்டும்.

கிளிநொச்சியிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. கற்றவர்களே, கருவி இலவசம். எமது ஊரின் வெயிலையும் காற்றையும் தோட்டக் கிணறுகளின் தேவையையும் வைத்து நீங்களே ஒரு கணக்கைப் போடுங்கள். அதனைத் திறந்து வையுங்கள். கமக்காரர்களே, உங்கள் கிராமக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே கணக்கு வாசிக்கப்படாவிடில் சும்மா இருப்பீர்களா? எழுந்து நின்று கேட்பீர்களன்றோ? அந்தக் கேள்வியைச் சங்கக் கட்டடத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நாட்டின் மின்சாரக் கணக்கையும் அவ்வாறே கேளுங்கள்.

பன்னிரண்டு முதலியார்கள் வாசித்த காலம் போயிற்று. இன்று வாசிக்கவேண்டியவர்கள் நாமெல்லோரும்.