திரும்பி வராத நிறம்



வெப்பத்தால் நிறம் மாறும் பொருள்களில் இரண்டு இனம் உண்டு. சூடேறினால் மாறி, ஆறியதும் பழைய நிறத்துக்கே வந்துவிடுபவை ஓரினம். ஒருமுறை மாறினால் மாறியதுதான் என்று நிற்பவை இன்னோரினம். நம் ஆய்வகங்களில் முதல் இனத்துக்குத்தான் மவுசு. இரண்டாவது இனத்துக்காகப் பரிந்து பேச இந்தத் தலைமை உரையை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் இனத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. துத்தநாக ஆக்சைடு சுட்டால் மஞ்சள், ஆறினால் வெள்ளை என்பதைப் பள்ளியிலேயே பார்த்திருப்பீர்கள். 1888இல் ரெய்னிட்சர் கொலஸ்டிரில் பென்சோயேட்டைச் சூடாக்கியபோது அது 145.5 டிகிரியில் கலங்கலாக உருகி, 178.5 டிகிரியில் தெளிந்தது. ஆறும்போது நிறங்கள் காட்டியது. திரவப் படிகத் துறையே அங்கிருந்துதான் தொடங்கியது. அந்தத் துறையில் 1977இல் தட்டு வடிவ மூலக்கூறுகளைக் கொண்டு புதிய வகை ஒன்றைக் காட்டியவர்கள் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தில் சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் அவருடைய குழுவினரும்.

ஆனால், உயிர் காத்த கணக்கைப் பார்த்தால் இரண்டாவது இனம்தான் முன்னால் நிற்கிறது. போலியோ சொட்டு மருந்துக் குப்பியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அதன் மேல் ஊதா நிறத்தில் சிறு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம். அந்தச் சதுரத்தின் மையில் டைஅசிட்டிலின் மூலக்கூறுகள் இருக்கின்றன. வெப்பம் பட்டால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாலிமராகும், சதுரம் கருக்கும். குளிர்பெட்டிக்குள் திரும்ப வைத்தாலும் கருத்தது வெளுக்காது. சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருக்கும்வரை, காலாவதித் தேதியும் தாண்டாமல் இருந்தால், மருந்தைக் கொடுக்கலாம். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் ஒதுக்கிவிட வேண்டும்.

இதில் நான் வியப்பது வேதியியலை மட்டுமில்லை, கணக்கையும்தான். மருந்து கெடும் வேகத்துக்கு ஏற்றபடி மை கருக்கும் வேகத்தை அமைத்திருக்கிறார்கள். சொட்டு மருந்துக்கான வகை 37 டிகிரியில் 2 நாளிலும், 5 டிகிரியில் 225 நாளிலும் எல்லையைத் தொடும். வழியில் எத்தனை முறை ஐஸ் உருகியது, வண்டி எவ்வளவு நேரம் வெயிலில் நின்றது என்ற கணக்கெல்லாம் அந்தச் சதுரத்தில் சேர்ந்துகொண்டே வரும். 1996இல் இது சொட்டு மருந்துக் குப்பிகளில் வரத் தொடங்கியது. அதற்கு முன், மின்சாரம் போனதென்று சந்தேகம் வந்தாலே நல்ல மருந்தையும் சேர்த்துக் கொட்ட வேண்டியிருந்தது. பிறகு கிராம சுகாதாரச் செவிலியர் யாரையும் கேட்காமல், கருவி எதுவும் இல்லாமல், தன் கண்ணாலேயே முடிவெடுக்க முடிந்தது. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக ஒருவர் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், ஹௌராவில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. அந்த வெற்றியில் இந்தச் சதுரத்துக்கும் பங்குண்டு. உறைந்தால் கெடும் மருந்துகளில் அந்தக் கேட்டை இது காட்டாது என்ற குறையையும் சொல்லிவிட வேண்டும்.

ஆலைக்கு வருவோம். சுவிட்ச் போர்டில் ஒரு லூஸ் கனெக்ஷன் இரவு ஷிப்டில் கொதிக்கிறது. காலையில் பராமரிப்பு ஆள் தொட்டுப் பார்க்கும்போது ஆறிக் கிடக்கிறது. ஆறினால் பழைய நிறத்துக்கு வரும் வில்லையை அங்கே ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து ஆறியிருக்கும், ஒன்றும் தெரியாது. நிறம் திரும்பாத வில்லைதான் இரவில் நடந்ததைக் காலையில் சொல்லும். இது பழைய தொழில்நுட்பம், விலையும் அதிகமில்லை. நம் சிறு பட்டறைகள் எல்லாவற்றிலும் இது ஏன் இன்னும் ஒட்டப்படவில்லை என்பதை இங்கே வந்துள்ள பொறியாளர்கள் விவாதிக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிரிட்ஜ் இல்லாத வீடுகளில் இன்சுலின் குப்பியை மண்பானைத் தண்ணீரில் வைத்துக் காக்கிறார்கள். சித்திரை வெயிலில் அந்த மருந்து தாங்கியதா, கெட்டதா என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. அந்தக் குப்பிக்கும் ஒரு சதுரம் வேண்டும், அதை நம் ஊர் வெயிலில் சோதித்து, மலிவாகச் செய்ய வேண்டும். கட்டுரை வாசிக்க வருபவர்கள் உங்கள் பொருள் எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரத்தில் மாறும், திரும்புமா திரும்பாதா, யார் கையில் போய்ச் சேரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.