கோபம் சட்டமாக வேண்டும்



அறுவை சிகிச்சை நீண்டாலும், தான் வகுத்த நேரத்துக்கு மேல் மயக்க மருந்துக்குப் பணம் தரமாட்டேன் என்று 2024 நவம்பரில் அறிவித்தது அமெரிக்காவின் ஆந்தம் காப்பீட்டு நிறுவனம். மருத்துவர்கள் எதிர்த்தார்கள், மக்கள் கொதித்தார்கள். டிசம்பர் 5 அன்று அது பின்வாங்கியது.

அதற்கு முந்தைய நாள்தான் யுனைடெட் ஹெல்த்கேர் தலைமை அதிகாரி பிரையன் தாம்சன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். இணையத்தில் பலர் கைதட்டினார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் என்னால் கைதட்ட முடியவில்லை. ஒருவர் போனால் அதே நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார், விதி அப்படியே இருக்கும்.

விதி எப்படி மாறும்? 1966 ஜூலையில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கேர் நடைமுறைக்கு வந்தது. கறுப்பின மக்களைத் தனி வார்டில் ஒதுக்கும் மருத்துவமனைக்கு இந்தப் பணம் கிடையாது என்றது அரசு. தெருவில் போராடிப் பெற்ற 1964 சிவில் உரிமைச் சட்டம் அதற்குத் துணை நின்றது. சில மாதங்களிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அந்தப் பிரிவினையைக் கைவிட்டன.

ஒதுக்கியவர்களின் மனம் மாறட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தீண்டாமையை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. மருத்துவம் சலுகை அல்ல, உரிமை. அதைச் சட்டமாக்கும்வரை நம் கோபம் தணியக் கூடாது.